கையெழுத்து தானேன்னு போட்டேன்

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கலிஃபோர்னியாவுல, ஃப்ரீமான்ட் ஊர்ல நாங்க வழக்கமா மளிகை வாங்குற கடை. ஒரு கையில கொத்தமல்லி எட்டிப் பாக்குற பை, இன்னொரு கையில சின்னவன். வாசல்ல மடக்கு மேசை போட்டு ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தார், மேசை மேல அஞ்சு அட்டை, ஒவ்வொரு அட்டையிலயும் கிளிப் போட்டு ஒரு மனு, புதுசா ஒரு சட்டத்தை ஜனங்க ஓட்டுக்குக் கொண்டு வரணும்னு கேக்குற மனு. "மேடம், நீங்க ரெஜிஸ்டர் பண்ண ஓட்டரா? பள்ளிக்கூடத்துக்கு நிதி வர்ற விஷயம், ஒரே நிமிஷம்." அப்போ எனக்கு சிட்டிசன்ஷிப் வந்து ஒரு வருஷம்கூட ஆகலை. என்னையும் ஒருத்தர் ஓட்டரான்னு கேக்குறாரேன்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் இருந்துச்சு. பையைக் கீழ வெச்சேன். பேரு, வீட்டு அட்ரஸ், கையெழுத்து. முடிச்ச உடனே அடுத்த அட்டை வந்துச்சு, அதுலயும் போட்டேன். மூணாவதை நீட்டும்போது பையன் அழ ஆரம்பிச்சுட்டான், கிளம்பிட்டேன்.

ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி வெச்சுட்டு உக்காந்தப்போ ஏதோ உறுத்துச்சு. ரெண்டாவது மனுவோட தலைப்பு மட்டும் பாதி ஞாபகம் இருந்துச்சு. கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் (மாநில அரசோட தலைமை வக்கீல்) ஆபீஸ் சைட்ல தேடி அந்த மனுவோட முழு வாசகத்தையும் எடுத்துப் படிச்சேன். பள்ளிக்கூடம்ங்கிற வார்த்தை அதோட சுருக்கத்துல ஒரே ஒரு இடத்துல வருது, அதுவும் பணம் குறையலாம்னு சொல்ற வரியில. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. என் பேரையும் அட்ரஸையும் என் கையாலயே எழுதி, எனக்குப் பிடிக்காத ஒரு சட்டத்துக்கு ஆதரவா குடுத்துட்டு வந்திருக்கேன்.

"கையெழுத்து தானே, ஓட்டு இல்லையே. வேணாம்னா நவம்பர்ல நோ போட்டுக்கலாம்"னு வீட்டுக்காரர் சொன்னார். நிறைய பேர் இதைத்தான் சொல்றாங்க. நானும் அப்போ அதை நம்பி மனசைத் தேத்திக்கப் பாத்தேன். ஆனா அது சரியில்லைங்கிறதைப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு தேர்தல் ஆச்சு, அதைத்தான் இங்க எழுத வந்தேன்.

ஊர்ல நமக்கு ஆளுக்கும் கட்சிக்கும் ஓட்டுப் போட்டுத்தான் பழக்கம். ஒரு சட்டத்தையே நேரா ஜனங்ககிட்ட குடுத்து எஸ்ஸா நோவான்னு கேக்குறது நமக்குப் புதுசு. கலிஃபோர்னியாவுல இது வந்தது 1911ல, ஹைரம் ஜான்சன் கவர்னரா இருந்தப்போ. சதர்ன் பசிஃபிக் ரயில் கம்பெனி சட்டசபையையே தன் சட்டைப்பையில வெச்சிருந்த காலம் அது. எம்.எல்.ஏ.வை விலைக்கு வாங்க முடியும், மொத்த ஜனத்தையும் வாங்க முடியாதுங்கிற நம்பிக்கையில, ஜனங்களே சட்டம் எழுதிக் கையெழுத்து சேத்து ஓட்டுக்குக் கொண்டு வரலாம்னு அரசியல் சட்டத்துலயே எழுதினாங்க. இதுக்குப் பேரு இனிஷியேட்டிவ், ஓட்டுச்சீட்டுல நம்பரோட வரும்போது ப்ராப்.

எப்படி வருதுன்னா, ஓட்டுரிமை உள்ள யார் வேணும்னாலும் சட்ட வாசகத்தை எழுதி 2,000 டாலர் கட்டி அட்டர்னி ஜெனரல்கிட்ட குடுக்கலாம். 30 நாள் பொதுமக்கள் கருத்து சொல்லலாம். அப்புறம் அட்டர்னி ஜெனரல் 100 வார்த்தைக்குள்ள ஒரு சுருக்கம் எழுதுவார், எல்.ஏ.ஓ.ன்னு கூப்பிடுற சட்டசபை ஆய்வாளர் ஆபீஸும் மாநில நிதித்துறையும் சேந்து இதனால அரசாங்கத்துக்கு எவ்வளவு வரும், எவ்வளவு போகும்னு ஒரு கணக்கு குடுப்பாங்க, அது அந்தச் சுருக்கத்தோடயே மனுவோட உச்சியில அச்சாகும். அதுக்கப்புறம்தான் 180 நாள் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், மடக்கு மேசைங்க கடை வாசலுக்கு வரும். சாதாரண சட்டம்னா போன கவர்னர் தேர்தல்ல விழுந்த ஓட்டுல 5 சதவீதம் கையெழுத்து வேணும், அரசியல் சட்டத் திருத்தம்னா 8 சதவீதம். 2022 தேர்தல் கணக்குப்படி அது 5,46,651, அப்புறம் 8,74,641. கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஆபீஸுங்க எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பாக்குறதில்லை, முதல்ல 500 கையெழுத்து இல்லைன்னா 3 சதவீதம், எது அதிகமோ அதை எடுத்து சரிபாத்து அதை வெச்சு மொத்தத்தைக் கணக்குப் போடுவாங்க.

இவ்வளவு கையெழுத்தை ஆறு மாசத்துல சும்மா வாலன்டியரை வெச்சு சேக்குறது ரொம்பக் கஷ்டம். அதனால பெரும்பாலும் காசு குடுத்துதான் சேக்குறாங்க, கையெழுத்துக்கு இவ்வளவுன்னு ரேட். கடைசி வாரங்கள்ல ரேட் ஏறும். மனு மேலயே எழுதியிருக்கும், இதை எடுத்துட்டு வர்றவர் சம்பளத்துக்கு வந்தவரா இருக்கலாம், வாலன்டியரா இருக்கலாம், கேக்குற உரிமை உங்களுக்கு இருக்குன்னு. அன்னைக்கு நான் கேக்கலை. அந்த மனுஷன் மேல எனக்குக் கோபமும் இல்லை, வெயில்ல நின்னு பொழப்பைப் பாக்குறார். ஆனா அஞ்சு மனுவுக்கும் "பள்ளிக்கூடத்துக்கு"ன்னு ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கிட்டிருந்தார்னு இப்போ யோசிச்சா தோணுது.

சரி, அந்தப் பணக்கணக்குக்கு வர்றேன், ஏன்னா மொத்தத்துலயும் நான் ரொம்ப மதிக்கிறது அதைத்தான். எல்.ஏ.ஓ. 1941லயிருந்து இருக்கு, கட்சி சார்பு இல்லாத ஆபீஸ். அவங்க எழுதுற பாஷை முதல்ல சப்புன்னு இருக்கும். "இருக்கக்கூடும்", "அநேகமா", "சில பத்து மில்லியன்", "நூறு மில்லியன்களோட கீழ்ப்பக்கம்" (அதாவது ஒண்ணு ரெண்டு நூறு மில்லியன்) இந்த மாதிரிதான் பேசுவாங்க. ஆனா பழகிட்டா ஒவ்வொரு வார்த்தையும் எடை போட்டு வெச்ச மாதிரி இருக்கும். ஒரு தடவை மட்டும் வர்ற பணமா, வருஷா வருஷம் வர்ற பணமா? மாநிலத்துக்கா, கவுண்டிக்கா, பள்ளி டிஸ்ட்ரிக்ட்டுக்கா? செலவு ஏறுதுன்னா அதுக்குக் காசு எங்கிருந்துன்னு சட்டத்துல சொல்லியிருக்கா? இந்த மூணையும் பாத்தாலே பாதி விஷயம் விளங்கிடும்.

2024ல ப்ராப் 36 வந்துச்சே, சில திருட்டுக்கும் போதைப்பொருள் குற்றத்துக்கும் தண்டனையைக் கூட்டுறது, 68 சதவீதம் பேர் எஸ் போட்டாங்க. எல்.ஏ.ஓ. என்ன சொல்லிச்சு? மாநிலத்துக்கு வருஷத்துக்கு சில பத்து மில்லியன்லயிருந்து நூறு மில்லியன்களோட கீழ்ப்பக்கம் வரைக்கும் செலவு, லோக்கல் அரசாங்கங்களுக்குப் பத்து மில்லியன்கள்ல செலவு. அதோட இன்னொரு வரி. 2014ல வந்த ப்ராப் 47ஆல ஜெயில் செலவு குறைஞ்சு, அந்த மிச்சத்தை மனநல சிகிச்சைக்கும் போதை சிகிச்சைக்கும் பள்ளிப் பிள்ளைங்களுக்கும் குடுத்துக்கிட்டிருந்தாங்க, அந்த மிச்சம் குறையும். அதாவது போதைக் குற்றத்துல சிக்கின சிலரை சிகிச்சைக்குப் போங்கன்னு சொல்ற சட்டமே, சிகிச்சைக்குப் போற பணத்துல ஒரு ஓட்டை போடுது, புதுசா காசுக்கும் வழி காட்டலை. போடுறவங்க போடட்டும், கடைத்திருட்டைப் பாத்து நொந்துபோனவங்களோட கோபம் எனக்கும் புரியும், ஆனா இந்த வரியைப் படிச்சுட்டுப் போட்டவங்க எத்தனை பேர்னு நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அதே சீட்டுல ரெண்டு பாண்ட் இருந்துச்சு, ரெண்டும் சட்டசபை அனுப்பினது. ப்ராப் 2 பள்ளிக் கட்டடத்துக்கு 10 பில்லியன், ப்ராப் 4 தண்ணி, காட்டுத்தீ, காலநிலைக்கு 10 பில்லியன். எங்க வாட்ஸப் குரூப்ல ஒரு தம்பி "வரி ஏத்தலையே, அப்புறம் என்ன, எஸ் போடுங்க"ன்னு எழுதினான். பாண்ட்னா கடன்ப்பா. முதலாவதுக்கு வருஷம் 500 மில்லியன் வீதம் 35 வருஷம், ரெண்டாவதுக்கு 400 மில்லியன் வீதம் 40 வருஷம்னு மாநிலம் ஓட்டருங்களுக்கு அனுப்புற கையேட்டுலயே போட்டிருக்கு. பெருக்கிப் பாத்தா பதினேழரை பில்லியன், பதினாறு பில்லியன். நான் ரெண்டுக்குமே எஸ்தான் போட்டேன், ஒழுகுற கூரைக்குக் கீழ பிள்ளைங்க உக்காரக்கூடாது. ஆனா வீட்டுக்கடன் வாங்குறப்போ அமார்ட்டைசேஷன் ஷெட்யூலை, அதாவது தவணைக் கணக்கை, மூணு தடவை பாக்குற நாம, இதையும் பாத்துட்டுப் போடணும்னு அந்தத் தம்பிக்கு நீளமா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

இப்போ ப்ராப் 13. இதைச் சொல்லாம இந்த மாநிலத்தைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது.

எங்க தெருவுல எல்லா வீடும் ஒரே பில்டர் கட்டினது, ஒரே பிளான். பக்கத்து வீட்டுப் பாட்டி 1974ல கணவரோட இந்த வீட்டுக்கு வந்தவங்க. நாங்க 2018ல வாங்கினோம். வேலிக்கு மேல எலுமிச்சம்பழம் குடுப்பாங்க, நான் பொங்கலுக்கு சர்க்கரைப்பொங்கல் குடுப்பேன். ஒரு அக்டோபர் மாசம் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில் வந்த அன்னைக்கு ரெண்டு பேரும் மெயில்பாக்ஸ்கிட்ட நின்னுக்கிட்டிருந்தோம், அவங்க கண்ணாடி கொண்டு வரலை, படிச்சுச் சொல்லுன்னு பில்லை என் கையில குடுத்தாங்க. வருஷத்துக்கு 1,700 சொச்சம். என் கையில இருந்த எங்க பில் 15,800. ஒரே சுவரு, ஒரே கூரை, அதே சாக்கடை, அதே ஃபயர் ஸ்டேஷன். நான் ஒண்ணும் சொல்லலை. அவங்களே என் பில்லை எட்டிப் பாத்துட்டு, "இவ்வளவா? எங்களால இதைக் கட்டவே முடிஞ்சிருக்காதே, எப்பவோ வீட்டை வித்திருப்போம்"னு சொன்னாங்க.

அதுதான் அந்தச் சட்டத்தோட நியாயம், அதுதான் அதோட அநியாயமும். எழுபதுகள்ல வீட்டு விலை தாறுமாறா ஏறுச்சு, விலையோட வரியும் ஏறுச்சு, பென்ஷன்ல இருந்தவங்களுக்கு வீடு கையை விட்டுப் போயிடுமோன்னு பயம். தலைநகர் சாக்ரமென்ட்டோல மாநில கஜானா நிரம்பி வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு, நிவாரணம் குடுக்காம இழுத்தடிச்சாங்க. ஹோவர்ட் ஜார்விஸும் பால் கானும் மனு எழுதினாங்க, 1978 ஜூன் 6ல ஏறத்தாழ 65 சதவீதம் ஓட்டோட ஜெயிச்சுது. வீட்டோட மதிப்பை 1975 கணக்குக்குத் திருப்பி, அதுல 1 சதவீதத்துக்கு மேல வரி கூடாது, மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாது, வீடு கைமாறினாத்தான் புது மதிப்பு. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது மிச்சப் பகுதி. மாநில வரியைக் கூட்டணும்னா சட்டசபையோட ரெண்டு அவையிலயும் மூணுல ரெண்டு பங்கு வேணும், ஊர் அளவுல ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு வரி போடணும்னா ஓட்டுப் போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு வேணும். பாதிக்கு மேல ஒரு ஓட்டு கிடைச்சாலே பாஸாகக்கூடிய ஒரு சட்டம், இனிமே வர்றவங்களுக்கு மூணுல ரெண்டுன்னு வேலி போட்டுட்டுப் போயிடுச்சு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறாது.

அடுத்த நாள் காலையில என்ன ஆச்சுன்னா, உள்ளாட்சிங்களுக்கு வர்ற சொத்துவரி பாதிக்கும் மேல விழுந்துடுச்சு. மாநிலம் ஓடி வந்து கையில இருந்த உபரிப் பணத்தைக் குடுத்துக் காப்பாத்துச்சு. அந்த 1 சதவீதத்தை யார் யார் எப்படிப் பங்கு போட்டுக்கணும்ங்கிறதுக்கு ப்ராப் 13 சொன்னது "சட்டப்படி" அவ்வளவுதான், அந்தச் சட்டத்தை எழுதுற கை சாக்ரமென்ட்டோ கை. வரியை ஊர்க்காரங்க கட்டுப்படுத்தணும்னு போட்ட ஓட்டு, ஊரோட சாவியைக் கொண்டு போய் மாநிலத் தலைநகர்ல குடுத்துடுச்சு. வீடு கட்டவிட்டா ஊருக்கு வர்ற வரி கம்மி, ஆனா ரோடு, ஸ்கூல், போலீஸ்னு செலவு ஜாஸ்தி. மால் வந்தா, கார் ஷோரூம் வந்தா சேல்ஸ் டாக்ஸ் வரும். அப்போ ஒரு சிட்டி கவுன்சில் எதுக்குப் பச்சைக்கொடி காட்டும்? இன்னைக்கு வாடகை குடுக்க முடியாம ரெண்டு மணி நேரம் கார் ஓட்டுற பிள்ளைங்களோட கஷ்டத்துல அதுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பணம் போதலைன்னு 1988ல ப்ராப் 98 வந்துச்சு, 51 சதவீதம்கூட வாங்கலை, ஆனா அது மாநிலப் பொதுநிதியில சுமார் 40 சதவீதத்தைப் பள்ளிக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கும் கட்டிப்போட்டுடுச்சு. 1996ல ப்ராப் 218, வேற பேர்ல வரி வாங்குற சந்து பொந்தையெல்லாம் அடைச்சுது. 2012ல ப்ராப் 30, பணக்காரங்களோட வருமான வரியைக் கூட்டினது, 2016ல ப்ராப் 55 அதை 2030 வரைக்கும் நீட்டிச்சுது. ஒரு முடிச்சைத் தளர்த்த இன்னொரு முடிச்சு. வருமான வரியை, அதுவும் மேல்தட்டுக்காரங்க பங்குச்சந்தையில சம்பாதிக்கிறதை நம்பி பட்ஜெட் போடுற மாநிலமா ஆயிட்டோம், மார்க்கெட் விழுந்தா டீச்சருங்களுக்கு வேலைநீக்க நோட்டீஸ் வருது.

நம்மாளுங்களுக்கு ரொம்பத் தெரிஞ்ச ஒரு பேரு இருக்கு, மெல்லோ ரூஸ். மவுன்டன் ஹவுஸ்ங்கிற ஊர்ல புது வீடு வாங்கின எங்க தங்கச்சி மாதிரி ஒருத்தி, க்ளோசிங் (பத்திரம் முடியுற) அன்னைக்குத்தான் போன் பண்ணி, "அக்கா, ப்ராப்பர்ட்டி டாக்ஸ் ஒரு சதவீதம் சொச்சம்னு நினைச்சுக் கணக்குப் போட்டோம், மேல என்னமோ மெல்லோ ரூஸ்னு வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல போட்டிருக்காங்க, அது எந்தக் கம்பெனி?"ன்னு கேட்டா. கம்பெனி இல்லம்மா. ஹென்றி மெல்லோ, மைக் ரூஸ், ரெண்டு பேரும் சட்டசபைக்காரங்க, 1982ல கொண்டு வந்த சட்டம். ப்ராப் 13க்கு அப்புறம் புது ஏரியாவுக்குத் தண்ணிக்குழாய், பார்க், பள்ளிக்கூடம் கட்ட ஊர்ல காசில்லை, அதனால அந்த ஏரியாவுல வீடு வாங்குறவங்க தலையிலயே தனி வரி கட்டலாம்னு ஒரு வழி. நாலு வருஷம் முன்னாடி மத்தவங்க போட்ட ஓட்டுக்கு 1982ல வந்த பில், இன்னைக்கு மதுரையிலயிருந்து வந்த பொண்ணு கட்டுறா. அவ பொறக்கவே இல்லை அப்போ.

இது சமத்துவமே இல்லையேன்னு கோர்ட்டுக்குப் போகாமயும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ்ல 1988ல வீடு வாங்கின ஒருத்தங்க, பழைய அக்கம்பக்கத்தாரைவிட கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு வரி கட்டுறேன்னு போட்ட நார்ட்லிங்கர் வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1992ல எட்டுக்கு ஒண்ணுன்னு தீர்ப்பு, சட்டம் செல்லும். 2020ல ப்ராப் 15 வந்துச்சு, வீட்டை விட்டுட்டு 3 மில்லியனுக்கு மேல மதிப்புள்ள வணிகச் சொத்துக்கு மட்டும் மார்க்கெட் விலைப்படி வரி போடலாம்னு, உள்ளாட்சிக்கும் பள்ளிக்கும் வருஷத்துக்கு ஆறரை பில்லியன்லயிருந்து பதினொன்னரை பில்லியன் வரைக்கும் வரும்னு கணக்கு. நாப்பத்தெட்டுக்கு அம்பத்திரண்டுன்னு தோத்துடுச்சு. அது ஜெயிச்சிருக்கணும்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்காகப் போட்ட பாதுகாப்பு, பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்களுக்கு எதுக்கு?

சட்டப் பக்கத்துல ஒரு விஷயம் தெரிஞ்சப்போ எனக்குத் தூக்கமே வரலை. கலிஃபோர்னியாவுல இனிஷியேட்டிவ் மூலமா வந்த சட்டத்தை சட்டசபை தன்னிஷ்டத்துக்கு மாத்த முடியாது. அந்தச் சட்டமே அனுமதி குடுத்திருந்தாத்தான் உண்டு, இல்லைன்னா திரும்ப ஜனங்ககிட்டதான் போகணும். ஒரு வார்த்தை தப்பா எழுதியிருந்தாலும் அப்படித்தான். 2020ல ப்ராப் 22 பாருங்க, ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் மாதிரி ஆப் கம்பெனிங்க எல்லாம் சேந்து 200 மில்லியன் டாலருக்கு மேல செலவு பண்ணி, டிரைவருங்க ஊழியர் இல்லை, கான்ட்ராக்டர்னு கொண்டு வந்தது. அதுல சட்டசபை ஏதாவது மாத்தணும்னா எட்டுல ஏழு பங்கு ஓட்டு வேணும்னு எழுதி வெச்சிருந்தாங்க. எட்டுல ஏழு! எந்த சபையில எந்தக் காலத்துல கிடைக்கும்? 2021ல ஒரு ஜட்ஜ் செல்லாதுன்னார், 2023ல அப்பீல் கோர்ட் பெரும்பகுதியைத் திருப்பிப் போட்டுது, 2024 ஜூலையில மாநில சுப்ரீம் கோர்ட் செல்லும்னு முடிச்சுடுச்சு. 1911ல ஒரு ரயில் கம்பெனியை அடக்கக் கட்டின கதவு வழியாவே கம்பெனிங்க உள்ள வர்றாங்கன்னு தோணுச்சு.

கோர்ட் காப்பாத்தின கதையும் இருக்கு. 1963ல வீடு விக்கிறதுலயும் வாடகைக்கு விடுறதுலயும் இனம் பாக்கக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, ரம்ஃபோர்ட் சட்டம். அடுத்த வருஷமே ப்ராப் 14ன்னு ஒண்ணு கொண்டு வந்து அதைக் காலி பண்ணாங்க, கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு ஜனங்க எஸ் போட்டாங்க. 1966ல மாநில சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு, 1967ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை உறுதி பண்ணுச்சு, அஞ்சுக்கு நாலு, ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம். இன்னைக்கு ஃப்ரீமான்ட்ல நமக்கு யாரும் முகத்துக்கு நேரா "உங்களுக்கு வீடில்லை"ன்னு சொல்ல முடியாதுன்னா அது மாதிரி தீர்ப்புங்க போட்ட பாதைதான். 1994ல ப்ராப் 187, குடியேற்றப் பேப்பர் இல்லாத பிள்ளைங்களை அரசுப் பள்ளிக்கூடத்துல சேக்கக்கூடாதுன்னு, அதுவும் ஜெயிச்சுது, ஃபெடரல் கோர்ட் தடுத்துடுச்சு. ஜெயிச்ச எண்ணிக்கையைப் பாத்து நான் பயப்படுற நாட்கள் உண்டு.

சில சமயம் ஓட்டுக்கு முன்னாடியே கோர்ட் எடுத்துடும். அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், ஆனா அதோட அடித்தளத்தையே மாத்துறதை இனிஷியேட்டிவ்ல செய்ய முடியாதுங்கிறது விதி. 2018ல மாநிலத்தை மூணா உடைக்கிற ப்ராப் 9ஐ சீட்டுலயிருந்து எடுத்தாங்க. 2024 ஜூன் 20ல, மாநில வரி எல்லாத்துக்கும் சட்டசபையோட நிறுத்தாம ஜனங்க ஓட்டும் வேணும்னு சொன்ன ஒரு திருத்தத்தை, கையெழுத்தெல்லாம் சேந்து தகுதி வாங்கினதுக்கு அப்புறம், மாநில சுப்ரீம் கோர்ட் நீதிபதிங்க எல்லாரும் ஒரே குரலா எடுத்தாங்க.

இப்போ வீட்டுக்காரர் சொன்னதுக்குத் திரும்ப வர்றேன், கையெழுத்து தானேன்னு. 2014ல ஒரு சட்டம் பண்ணாங்க, தேர்தலுக்கு 131 நாள் முன்னாடி வரைக்கும், தகுதி வாங்குற நிமிஷம் வரைக்கும், மனு போட்டவங்க அதை வாபஸ் வாங்கலாம். நல்ல எண்ணத்துலதான் பண்ணாங்க, தப்பைத் திருத்த ஒரு வாய்ப்புன்னு. 2018ல என்ன நடந்துச்சுன்னா, குளிர்பானக் கம்பெனிங்க ஒரு மனுவுக்குக் கையெழுத்து சேத்தாங்க, ஊர் அளவுல எந்த வரி போடணும்னாலும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்னு. சிட்டி நிர்வாகமெல்லாம் நடுங்கிப் போச்சு. ஜூன் 28, கெடு நாள். அன்னைக்கு சட்டசபை, 2030 முடியுற வரைக்கும் எந்த ஊரும் புதுசா சோடா வரி போடக்கூடாதுன்னு ஒரு சட்டத்தைப் பாஸ் பண்ணுச்சு, மனுவை வாபஸ் வாங்கிட்டாங்க. யாருமே ஓட்டுப் போடலை. கையெழுத்து போட்ட ஜனங்களைக் காட்டியே பேரம் முடிஞ்சுது. அதே நாள்ல நல்லதும் நடந்துச்சு, கலிஃபோர்னியாவோட தனியுரிமைச் சட்டம், நம்ம தகவலை விக்காதேன்னு கம்பெனிகிட்ட சொல்ற உரிமை, அதுவும் அலஸ்டர் மக்டாகர்ட்னு ஒருத்தர் கையெழுத்து சேத்து வெச்ச மனுவைக் காட்டித்தான் சட்டசபையில அவசரமா பாஸாச்சு. நல்லதோ கெட்டதோ, ரெண்டுலயும் வேலை செஞ்சது கையெழுத்துதான். நவம்பர்ல பாத்துக்கலாம்னா, அந்த நவம்பர் வராமலே விஷயம் முடிஞ்சுடும்.

அதைத் தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடியே, அந்த ராத்திரிக்கு அடுத்த திங்கக்கிழமை, நான் ஒரு காரியம் பண்ணியிருந்தேன். சட்டத்துல ஒரு வழி இருக்கு, மனுவைக் கவுண்டியில தாக்கல் பண்றதுக்கு முன்னாடி எழுத்துல கேட்டா நம்ம கையெழுத்தை எடுத்துடுவாங்க. பேரு, அட்ரஸ், கையெழுத்து, எந்த மனு, அவ்வளவுதான் தேவை. ஒரு வெள்ளைத்தாள்ல நாலு வரி எழுதி, கவுண்டி தேர்தல் ஆபீஸுக்குத் தபால்ல போட்டேன். என் ஒரு கையெழுத்தால எதுவும் மாறப்போறதில்லைன்னு தெரியும். ஆனா தாள்ல கையெழுத்து போடும்போது, கடை வாசல்ல போட்டதைவிட இது அழுத்தமா விழுந்துச்சு.

அப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல நாலஞ்சு குடும்பம் கூடுறோம். இட்லி, வடகறி, மாநிலக் கையேடு. கையேடு ஹிந்தியில வருது, சைனீஸ், ஸ்பானிஷ், வியட்நாமீஸ்ல வருது, தமிழ்ல வரலை, அதனால அம்மா அப்பாங்களுக்கு நாங்களே சொல்லிப் புரிய வைக்கிறோம். ஆளுக்கு ரெண்டு ப்ராப். விதி ஒண்ணுதான், விளம்பரத்துல கேட்டதைச் சொல்லக்கூடாது, எல்.ஏ.ஓ. பக்கத்தை முதல்ல படிக்கணும், அப்புறம் இது சட்டமா அரசியல் சட்டமா, பிற்பாடு யாரால மாத்த முடியும்னு சொல்லணும். எஸ்ஸா நோவான்னு யாரும் யாருக்கும் சொல்றதில்லை. "எல்லாத்துக்கும் ஒரு லிஸ்ட் அனுப்புங்க அக்கா"ன்னு கேட்டவங்களே இப்போ பென்சில் எடுத்துக்கிட்டு உக்காந்துடுறாங்க.

இந்த வருஷம் பிப்ரவரியில மவுன்டன் ஹவுஸ்காரி போன் பண்ணா. பின்னாடி ஷாப்பிங் கார்ட் சத்தம். "அக்கா, கடை வாசல்ல நிக்கிறேன். பில்லியனருங்களுக்கு வரி போடுற மனு, கையெழுத்து கேக்குறாங்க. போடவா?"

"தெரியாது. உச்சியில ஒரு பத்தி இருக்கும், அதைச் சத்தமா படி."

படிச்சா. 2026 ஜனவரி 1 அன்னைக்கு இங்க குடியிருந்த, ஒரு பில்லியனுக்கு மேல சொத்துள்ளவங்களுக்கு ஒரே ஒரு தடவை 5 சதவீதம் வரைக்கும் வரி, பெரும்பகுதி மருத்துவத்துக்கு. அரசியல் சட்டத் திருத்தம். "இப்போ கடைசி வரி, பணக்கணக்கு"ன்னேன். மாநிலத்துக்கு ஒரு தடவைக்கு, சில வருஷத்துல பரவலா, அநேகமா பல பத்து பில்லியன் வரும். அதுக்கு எதிர்ப்பக்கம், அவங்கள்ல சிலர் மாநிலத்தை விட்டுப் போனா வருமான வரி வருஷா வருஷம் நூறு மில்லியன்கள்ல, இல்ல அதுக்கும் மேல குறையலாம்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஒரு தடவை வர்றது, வருஷா வருஷம் போறது"ன்னா. "ஆனா அக்கா, எங்க மாமியாருக்கு மெடிகால்தான், மாநில அரசோட மருத்துவக் காப்பீடு. அது வெட்டுப்பட்டா?"

"ஆமா."

"அவர்கிட்ட சம்பளத்துக்கு வந்தீங்களான்னு கேட்டேன், ஆமான்னார். முழுசும் இருபது பக்கத்துக்கு மேல இருக்கும்போல. கார்ல ஐஸ்க்ரீம் இருக்கு."

"வீட்டுக்குப் போய் ஃப்ரீசர்ல வெச்சுட்டு சைட்ல படி. நாளைக்கும் அவர் அங்கதான் நிப்பார்"னு சொன்னேன். சரிக்கான்னு சொல்லிட்டு, அவர்கிட்ட தேங்க்யூ சொல்ற குரல் கேட்டுச்சு, அப்புறம் கார்ட் உருளுற சத்தம்.